ஆறு கசிந்தது

அத்தியாயம் 5

கெரென்சா ஹாஸ்கிங்குக்கு லண்டன் ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். பிற்பகல் 2.56. ஒருவழி. அவள் கேட்கவே இல்லை.

காஸ்பார் அந்தத் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிரஸ்ஸல்ஸ் ட்ராமில் பன்னிரண்டு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். வேலையை விட்டும் கை விடவில்லை.

“டிக்கெட்ல ஒரு குறையும் இல்ல மதாம். ஏறப்போற ஆள்தான் தப்பு.”

“மணி என்ன, அதைச் சொல்லு,” என்றாள் ஒதீல் வான்டம்.

“பன்னெண்டே முக்கால். ரயிலுக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு. நடுவுல சாப்பாடு வேற இருக்கு.”

“சாப்பாடு இல்ல.”

“அப்ப ரெண்டு மணி நேரம் தாராளம்.”

ஒதீல் நனைந்த கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, மந்திரிகள் உளறியதை எல்லாம் நாகரிகமான பிரெஞ்சாக மாற்றிக்கொண்டிருந்தவள். ஒருநாள் ஒரு மந்திரியின் உளறலை உளறலாகவே மொழிபெயர்த்தாள். வேலை போயிற்று. அன்றிலிருந்து துப்பறிகிறாள்; காஸ்பார் அவள் உதவியாளன். கைரேகை, ரத்தக்கறை இதெல்லாம் அவளுக்கு ஆகாது. யார் பேசினார்கள், எந்த வார்த்தையில் பேசினார்கள். அவளுக்கு அது போதும்.

கெரென்சா அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவள். இருபத்தாறு வயது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வந்திருக்கும் பிரிட்டன் தூதுக்குழுவில் குறிப்பெடுக்கிற வேலை. காலையில் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனவள், மதியம் போன் செய்து, “மதாம், கொஞ்சம் வர முடியுமா?” என்றாள். குரல் உடைந்திருந்தது. வாசல் காவலர்களுக்கு ஒதீலை இருபது வருடமாகத் தெரியும். பத்து நிமிடத்தில் பேச்சுவார்த்தை நடக்கிற மூன்றாம் மாடிக்கே வந்துவிட்டார்கள்.

“சர் லயனல் என்னைத் திருடின்னு சொல்லல,” என்றாள் கெரென்சா. “‘நீ கொஞ்ச நாள் ஊர்க்காத்து வாங்கினா நல்லதுன்னு தோணுது’ன்னாரு.”

“நல்ல மனுஷனாத்தான் தெரியுது,” என்றான் காஸ்பார்.

“அவங்க பாஷையில அதைவிட மோசமா யாரையும் திட்ட முடியாது,” என்றாள் ஒதீல். “நீ மொதல்லேருந்து சொல்லும்மா.”

கெரென்சா சொன்னாள். பிரிவினையில் எல்லாம் பேசி முடித்தாயிற்று. மீன் மட்டும் பாக்கி. பிரிட்டன் கடலில் ஒன்றியத்துப் படகுகள் இன்னும் எத்தனை வருடம் வலை போடலாம் என்பதுதான் சண்டை. ஒன்றியம் பதினாலு கேட்டது. பிரிட்டன் இரண்டு என்றது. இன்று காலை பத்து மணிக்கு லண்டனிலிருந்து தூதுக்குழுத் தலைவர் சர் லயனல் ஆஷ்கோமுக்குப் போன் வந்தது. ஆறு வரை போகலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது. அவர் ஒரு சீட்டில் ‘6’ என்று எழுதி, சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், இன்னொன்று கெரென்சாவிடம்.

பதினோரு மணிக்குக் கூட்டம். ஒன்றியத்தின் மீன் விவகாரத்தைப் பார்க்கிற டென்மார்க் பெண்மணி இங்கெர், எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். சர் லயனல் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். இடைவேளை. பன்னிரண்டு மணிக்கு இங்கெர் திரும்பி வந்து ஒரு தாளை மேசையில் தள்ளினாள். தாளில் ஒரே ஒரு எண். 6. ‘இதுக்குக் கீழ இறங்க மாட்டோம்’ என்றாள்.

“குடித்தனம் கலைஞ்சு பாத்திரம் பண்டம் எல்லாம் பிரிச்சாச்சு,” என்றான் காஸ்பார். “கடைசியில மீனுக்கு இப்படி.”

“எங்கப்பா நியூலின் துறைமுகத்துல மீன்பிடிப் படகு வெச்சிருக்காரு,” என்றாள் கெரென்சா. “வேலை போனா போகட்டும் மதாம். அவரு பொண்ணே மீனை வித்துட்டான்னு ஊர்ல பேச்சு வந்தா, அவரு அந்தத் துறைமுகத்துல எப்படி நடப்பாரு? இந்தப் பேரோட நான் போய் அங்க இறங்க மாட்டேன்.”

“உன்மேல ஏன் சந்தேகம்? சாவிக்காகவா?”

“சாவி மட்டும் இல்ல. நான் டோனல் கையில ஒரு உறை கொடுத்ததைக் காபிக்காரர் பாத்துட்டாரு. பத்தரை மணிக்குன்னு சர் லயனல் சொல்றாரு.”

டோனல் ஒன்றியத்தின் பக்கம் இருக்கிற அயர்லாந்துக்காரன். இங்கெரின் எழுத்தர்.

“கொடுத்தியா?”

“கொடுத்தேன்.”

“உள்ள என்ன?”

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“யாருக்கு?”

“டோனலுக்கு.”

“பத்தரைக்கா கொடுத்த?”

“காலையிலேருந்து ஒரே ஓட்டம். மணி பாக்கல. ஆனா அது அந்தச் சீட்டு இல்ல மதாம். சத்தியமா இல்ல.”

காஸ்பார் ஒதீலின் காதருகில் குனிந்தான். “வாக்குத் தவறாத திருடியா இருந்தா என்ன பண்றது?”

“வேலைக்கு வெச்சுக்கலாம். உன்னைவிடத் தேவலை. வா.”

காபிக்காரர் யோஸ்ட், நடைபாதை நடுவில் தள்ளுவண்டியோடு நின்றிருந்தார். இடப்பக்கம் பிரிட்டன் அறை. வலப்பக்கம் ஒன்றியத்து அறை. இரண்டு நாடகத்தையும் ஒரே நாற்காலியிலிருந்து பார்க்கிற ஆள். ஃபிளெமிஷ்காரர்; பிரெஞ்சோடு அந்த ஊரில் பேசப்படும் இன்னொரு மொழி அவருடையது. ஒதீல் அவர் மொழியிலேயே கேட்டாள். அவர் கோப்பையைத் துடைத்தபடி இரண்டே வார்த்தை சொன்னார்.

“ஹால்ஃப் டீன்.”

“இதைத்தான் சர் லயனல்கிட்டயும் சொன்னீங்களா?”

“ஆமா மதாம். அவருக்காக இங்கிலீஷ்ல சொன்னேன். ஹாஃப் டென்.”

ஒதீல் தள்ளுவண்டி மேல் கை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். காஸ்பாருக்குக் கவலையாகிவிட்டது. வேலை நேரத்தில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை.

“எனக்கும் சொன்னீங்கன்னா நானும் சிரிப்பேன்.”

“உனக்கு ஃபிளெமிஷ் தெரியாதா? பன்னெண்டு வருஷம் இந்த ஊர் ட்ராம்ல என்ன பண்ணின?”

“டிக்கெட்னு ஒரு வார்த்தைய வெச்சே ஓட்டினேன் மதாம். அது ரெண்டு பாஷையிலயும் டிக்கெட்தான்.”

“கேட்டுக்கோ. இங்கிலீஷ்காரன் ஹாஃப் டென்னு சொன்னா பத்து தாண்டி அரை மணி. பத்தரை. ஃபிளெமிஷ்காரர் ஹால்ஃப் டீன்னு சொன்னா பத்துக்கு இன்னும் அரை மணி பாக்கி. ஒம்போதரை. இவரு தன் பாஷைய அப்படியே இங்கிலீஷ்ல தூக்கிப் போட்டிருக்காரு. அவரு தன் பாஷையில கேட்டிருக்காரு.”

காஸ்பார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். “அப்ப உறை கைமாறினது ஒம்போதரை. லண்டன் போன் வந்தது பத்து மணி.”

“ஒம்போதரைக்கு அந்தச் சீட்டே பிறக்கல.”

“பிறக்காத புள்ளைய யாரும் கடத்த முடியாது.”

“நட,” என்றாள் ஒதீல்.

பிரிட்டன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஒதீல் தட்டினாள்.

“சாரி, இப்ப ஒரு நிமிஷம்கூட நேரம் இல்ல,” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

உள்ளே போனார்கள். சர் லயனல் ஆஷ்கோம் குறுக்கெழுத்துப் புதிரை நிரப்பிக்கொண்டிருந்தார். அறுபது வயது. நெடிய உடம்பு. பளபளக்கிற கறுப்புக் காலணி. எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். ஒதீல் ஒன்பதரைக் கதையைச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் லேசாகக் கை தட்டினார்.

“ரொம்ப அழகான வாதம் மதாம். யோஸ்ட் எந்தக் கடிகாரத்தைப் பாத்தாருன்னு கேட்டீங்களா?”

காஸ்பார் வெளியே ஓடிக் கேட்டுவிட்டு வந்தான். முகம் தொங்கிவிட்டது.

“கைக் கடிகாரம் கட்டுற பழக்கம் இல்லையாம். இந்தக் கதவு வழியா, இதோ இந்தச் சுவர்க் கடிகாரத்தைத்தான் பாத்தாராம்.”

எல்லோரும் அண்ணாந்தார்கள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு ஐந்து காட்டியது. காஸ்பாரின் கைக் கடிகாரத்தில் ஒன்று ஐந்து.

“இது லண்டன் மணி,” என்றார் சர் லயனல். “வந்த மொத நாளே நான்தான் நாற்காலி போட்டு ஏறித் திருப்பி வெச்சேன். வெளிய போறதுன்னு முடிவானப்புறம் இவங்க மணியில ஏன் சாப்பிடணும்? ஆக இந்தக் கடிகாரத்துல ஒம்போதரைன்னா…”

“இந்த ஊர்ல பத்தரை,” என்றாள் ஒதீல் மெதுவாக.

“அதாவது, நான் மொதல்ல சொன்ன மணி.”

காஸ்பாரால் வாயைக் கட்ட முடியவில்லை. “ஒருத்தர் தப்பா சொன்னாரு. ஒருத்தர் தப்பா கேட்டாரு. கடிகாரம் தப்பா ஓடுது. மூணும் சேந்து சரியான மணி வந்துடுச்சு. இந்தப் பேச்சுவார்த்தை ஏன் இத்தனை வருஷமா நடக்குதுன்னு இப்பத்தான் புரியுது.”

“ரயில் ரெண்டு ஐம்பத்தாறுக்கு,” என்றார் சர் லயனல். “இந்த ஊர் மணிப்படி. அதை மட்டும் நான் மாத்தல.”

வெளியே வந்ததும் ஒதீல் ஒரு விநாடி சுவரில் சாய்ந்தாள். பிறகு, “டோனல் எங்க?” என்றாள்.

யோஸ்ட் ஜன்னலைக் காட்டினார். கீழே, தூறலில், சதுக்கத்து ஓரத்தில் ஒரு மரத்தடிப் பெஞ்சில் டோனல் உட்கார்ந்திருந்தான். கையில் வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலம். இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். கோட்டுப் பைக்குள் கை விட்டு ஒரு பழுப்பு உறையை எடுத்தான்.

காஸ்பார் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடிப் படியை ஒரே மூச்சில் இறங்கினான். சாரைப் பாம்பு மாதிரி புதரைச் சுற்றிப் போய்ப் பெஞ்சுக்குப் பின்னால் எழுந்து நின்றான்.

“டிக்கெட் ப்ளீஸ்.”

டோனல் துள்ளியதில் உறை மடியில் கவிழ்ந்தது. உள்ளேயிருந்து சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் கொட்டின. ஏழெட்டு. காஸ்பார் ஒன்றை எடுத்து முகர்ந்தான். மூக்கைச் சுளித்தான். உருளைக்கிழங்கைப் பார்த்தான். மறுபடி பாக்கெட்டைப் பார்த்தான்.

“இது வினிகர்.”

“மெதுவாப் பேசுங்க.”

“உருளைக்கிழங்கு மேல… வினிகரா? மயோனேஸ் இல்லாம?”

“எங்க ஊர்ல அப்படித்தான் சாப்பிடுவோம். கெரென்சா ஊர்லயும் அப்படித்தான். அவங்க வீட்டுலேருந்து பார்சல் வந்துச்சு. எனக்கும் கொஞ்சம் கொடுத்தா.”

“தம்பி, நீ நாட்டு ரகசியம் வாங்கியிருந்தா மன்னிச்சு விட்டிருப்பேன்.”

“என் மாமனாருக்கு மட்டும் தெரியக் கூடாது,” என்று டோனல் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “அதோ அந்தக் கடை அவரோடதுதான். மூணு தலைமுறையா உருளைக்கிழங்கு போடுறாங்க. மயோனேஸ் அவரே கையால அடிக்கிறாரு. போன வருஷம் ஒரு சுற்றுலாக்காரர் வினிகர் இருக்கான்னு கேட்டதுக்குக் கடையை மூடிட்டுப் போயிட்டாரு. அதான் கெரென்சாகிட்ட சத்தியம் வாங்கினேன்.”

“உன்னால அந்தப் பொண்ணு வேலையை இழக்கப் போறா. தெரியுமா?”

டோனல் முகம் வெளுத்தது. தெரியாது என்பது அந்த வெளுப்பிலேயே தெரிந்தது. கடையைப் பார்த்தான். மாமனார் பெரிய கரண்டியோடு உள்ளே நின்றிருந்தார். பாக்கெட்டுகளை அள்ளி உறைக்குள் போட்டான்.

“வரேன்,” என்றான். “சர் லயனல்கிட்ட நானே சொல்றேன். ஆனா கதவைச் சாத்திட்டுத்தான் சொல்லுவேன்.”

காஸ்பார் வெற்றி வீரனாக மூன்றாம் மாடிக்குத் திரும்பினான். ஒதீல் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். சந்தோஷப்படவில்லை.

“வினிகர் இவளைக் காப்பாத்தாது காஸ்பார். அப்ப ‘ஆறு’ எப்படிப் போச்சுன்னு சர் லயனல் கேப்பாரு. ஒரு பாக்கெட்டோட ஒரு சீட்டும் போயிருக்கலாமேம்பாரு. போன வழியைக் காட்டணும்.” கெரென்சா பக்கம் திரும்பினாள். “காலைக் கூட்டத்துல இங்கெர் எண்ணெல்லாம் கேட்டான்னியே. அதோட பதிவு இருக்கா?”

கெரென்சா தட்டச்சு செய்த தாளைக் கொடுத்தாள். ஒதீல் வாசித்தாள்.

பதினாலு? இல்லை. பன்னிரண்டு? இல்லை. பத்து? இல்லை. எட்டு? இல்லை. ஆறு? இல்லை. இடைவேளை.

“ஆறோட ஏன் நிறுத்திட்டா?” என்றாள் ஒதீல். “நாலு கேக்கல. அஞ்சு கேக்கல.”

“பசிச்சிருக்கும்,” என்றான் காஸ்பார். அவனுக்குப் பசித்தது.

“தட்டச்சு பண்றதுக்கு முன்னாடி கையால எழுதின நோட்டு?”

“இருக்கு. ஆனா ரெண்டும் ஒண்ணுதான் மதாம். பதிவுல போடுறப்போ இருமல், தும்மல், உபசார வார்த்தை எல்லாத்தையும் எடுத்துடுவோம். அது எங்க வழக்கம்.”

“எடுக்காம படி.”

கெரென்சா சுருக்கெழுத்து நோட்டைப் புரட்டினாள். “பதினாலு? இல்லை. பன்னெண்டு? இல்லவே இல்லை. பத்து? இல்லை. எட்டு? இல்லை. ஆறு?” நிறுத்தினாள். பக்கத்தை உற்றுப் பார்த்தாள். காது மடல் சிவந்தது. “ஐயோ.”

“படி.”

“ஆறு? சாரி, இல்லை.”

காஸ்பாருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையில், தனக்குப் புரியாதது அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது.

ஒதீல் நேராக நடைபாதைக்குப் போனாள். இங்கெர் தள்ளுவண்டியருகில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, வெள்ளைக் கம்பளிச் சட்டை, அமைதியான முகம்.

“தப்பா நினைக்காதீங்க,” என்றாள் ஒதீல். “உங்க வீட்டுக்காரர் எந்த ஊரு?”

“யார்க் பக்கம். இங்கிலீஷ்காரர்.”

“கல்யாணமாகி?”

“இருபத்திரெண்டு வருஷம்.”

“சண்டை வருமா?”

“வரும்.” இங்கெர் கடைசி மடக்கைக் குடித்தாள். “நான்தான் ஜெயிப்பேன்.”

கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒதீல் திரும்பினாள்.

“காஸ்பார், உன் பூட்ஸ் எத்தனை கனம் இருக்கும்?”

“ட்ராம்ல கொடுத்த பூட்ஸ். கீழ இரும்பு அடிச்சது.”

“நல்லது.”

மணி இரண்டு. மறுபடி சர் லயனலின் அறை. இந்த முறை கெரென்சாவும் வந்தாள். டோனலும் வந்தான். கதவைச் சாத்தினார்கள். டோனல் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு பாக்கெட்டுகளை மேசையில் வைத்தான். சர் லயனல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். ஒரு விநாடி அவர் கண்ணில் ஏக்கம் தெரிந்தது.

“இது உண்மையாவே இருக்கட்டும்,” என்றார். “ஆனா எண் எப்படி…”

அப்போதுதான் காஸ்பார், ஒதீலின் கண்ஜாடைப்படி, ஒரு அடி முன்னால் வைத்தான். இரும்பு அடித்த பூட்ஸ் பளபளக்கிற கறுப்புக் காலணி மேல் முழுக் கனத்தோடு இறங்கியது.

“சாரி,” என்றார் சர் லயனல்.

காஸ்பார் காலை எடுக்கவில்லை.

“ரொம்ப சாரி,” என்றார் சர் லயனல், கண்ணில் நீரோடு.

“மிதிச்சது அவன்,” என்றாள் ஒதீல். “சாரி சொன்னது நீங்க.”

“அது சும்மா வாய்ல வர்றது மதாம். அதுக்கு அர்த்தமே கிடையாது.”

“கால எடு காஸ்பார். சர் லயனல், நாலு கேள்வி கேக்கறேன். எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க பெல்ஜியத்துல பொறந்தவரா?”

“இல்லை.”

“உங்களுக்கு ஃபிளெமிஷ் தெரியுமா?”

“இல்லை.”

“என் உதவியாளனைப் பிடிச்சிருக்கா?”

“நிச்சயமா இல்லை.”

“இந்தப் பொண்ணை விசாரிக்காம அனுப்பினதுல உங்களுக்கு வருத்தம் இருக்கா?”

சர் லயனல் கெரென்சாவைப் பார்த்தார். கழுத்துப் பட்டையைச் சரி செய்தார்.

“சாரி,” என்றார், “இல்லை.”

அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒதீல் கெரென்சாவின் நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

“பதினாலுக்கு நிஜமாவே உங்களால முடியாது. பன்னெண்டுக்கும் முடியாது. அதனால வாய் நிறைய இல்லைன்னீங்க. ஆறுக்கு உங்களால முடியும். முடியாதுன்னு பொய் சொன்னீங்க. நல்ல குடும்பத்துல வளந்தவர். பொய் சொல்றப்பவே மன்னிப்பும் கேட்டுட்டீங்க. இங்கெர் இருபத்திரெண்டு வருஷமா ஒரு இங்கிலீஷ்காரரோட குடும்பம் நடத்துறவங்க. அவங்களுக்குச் சிவப்புப் பெட்டி எதுக்கு?”

“பதிவுல அந்த வார்த்தையே இல்லையே,” என்றார் சர் லயனல் பலவீனமாக.

“நாங்கதான் எடுத்துட்டோம் சர்,” என்றாள் கெரென்சா. “வழக்கம்.”

சர் லயனல் வெகுநேரம் நோட்டைப் பார்த்தார். பிறகு எழுந்தார். கெரென்சாவிடம் போய் நேராக நின்றார். பொய் சொல்லும்போது தடையின்றி வந்த வார்த்தை, இப்போது உண்மையிலேயே தேவைப்பட்டபோது, வர மறுத்தது. இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். கடைசியில் அவள் கையிலிருந்த ரயில் டிக்கெட்டை வாங்கி நான்காகக் கிழித்தார்.

“டிக்கெட்டைக் கிழிச்சா எங்க ட்ராம்ல அபராதம்,” என்றான் காஸ்பார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

“மூணு மணிக்குக் கூட்டம்,” என்றார் சர் லயனல். “ஆறுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. நான் உள்ள போய் என்ன சொல்ல முடியும்? ‘ஆறு முடியாது’.” கண்ணாடி ஜன்னலில் தன் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். “ஆறு முடியாது. ஆறு… சாரி, முடியாது. பாத்தீங்களா? வருது.”

“அவங்களுக்கு ஆறுன்னு தெரியாது சர்,” என்றாள் கெரென்சா. “உங்க முகத்தைப் பாத்து ஆறுன்னு நினைக்கிறாங்க. வேற முகம் போனா?”

“யார் முகம்?”

“எங்க ஊர்ல விடியற்காலையில மீன் ஏலம். பத்து வயசுலேருந்து அப்பாவுக்குப் பதிலா நான்தான் நிப்பேன். அங்க கண் இமைச்சா ஒரு பெட்டி மீன் போயிடும்.”

சர் லயனல் ஒதீலைப் பார்த்தார். ஒதீல் தோளைக் குலுக்கினாள். ஐந்து நிமிடம் லண்டனோடு போனில் பேசினார். கடைசி வாக்கியம் மட்டும் வெளியே கேட்டது. “ஆமா, குறிப்பெடுக்கிற பொண்ணுதான். இல்ல, நான் குடிக்கல.”

மூன்று மணிக்குக் கெரென்சா உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

சர் லயனல் நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தார். காஸ்பார் கீழே போய் மூன்று பொட்டலம் உருளைக்கிழங்கு வாங்கி வந்தான். மயோனேஸோடு. சர் லயனல் தன் பங்கைக் கோட்டால் மறைத்து ஒரு வினிகர் பாக்கெட்டைப் பிய்த்தார். காஸ்பார் நாகரிகம் கருதி வேறு பக்கம் பார்த்தான்.

இரண்டு ஐம்பத்தாறு ரயில் இந்நேரம் பிரான்சுக்குள் நுழைந்திருக்கும்.

மூன்றே முக்காலுக்குக் கதவு திறந்தது. இங்கெர் முதலில் வந்தாள். காலையில் இருந்த அமைதி முகத்தில் இல்லை.

“அந்தப் பொண்ணு எங்கேருந்து வந்தா?” என்று ஒதீலிடம் கேட்டாள். “ஆறு கேட்டேன், இல்லைன்னா. அஞ்சு கேட்டேன், இல்லைன்னா. எனக்குக் காது அடைச்சுப் போச்சான்னு சந்தேகம் வந்துடுச்சு. ஒரு வார்த்தை கூடல, குறையல.” பதிலுக்குக் காத்திருக்காமல் தன் ஆட்களிடம் பேசத் தன் அறைக்குள் போனாள்.

பின்னாலேயே கெரென்சா. முகத்தில் இன்னும் எதுவும் இல்லை. சர் லயனல் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“எத்தனை?”

“நாலு.”

சர் லயனல் சத்தம் போடவில்லை. அப்படியே காஸ்பாரைக் கட்டிக்கொண்டார். அவர் கோட்டிலிருந்து வினிகர் வாடை அடித்தது. காஸ்பார் மூச்சை அடக்கிக்கொண்டான்.

“கையெழுத்து?”

“நாலரை மணிக்கு. அவங்க ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு.” இப்போதுதான் அவள் முகம் நெகிழ்ந்தது. “நான் எங்கப்பாகிட்ட ஒரு நிமிஷம் பேசட்டுமா?”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு காற்றின் இரைச்சல். கடற்காக்கைகளின் கத்தல். எங்கோ ஒரு எஞ்சின் இருமியது.

“அப்பா, முடிஞ்சுது. நாலு வருஷம். நான்தான் பேசினேன்.”

“நீயா?”

“நானேதான்.”

“அந்தப் பக்கத்துல யாரு?”

“டென்மார்க்கு அம்மா ஒருத்தங்க. பேச்சுல கெட்டிக்காரங்க.”

“நாலுன்னதும் என்ன பண்ணினாங்க?”

“சரின்னாங்க.”

“உடனேவா?”

“உடனே.”

எஞ்சின் நின்றது. கடற்காக்கைகள் மட்டும்.

“மூணு கேட்டுப் பாத்தியா?”

கெரென்சா போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தாள். பிறகு மறுபடி காதில் வைத்தாள்.

“கேக்கல.”

“அப்ப ஏன் வெளிய வந்த?”

கெரென்சா போனைப் பைக்குள் போட்டாள். பாவாடையை நீவி விட்டுக்கொண்டாள். நடைபாதையின் வலப்பக்கம், ஒன்றியத்து அறையை நோக்கி நடந்தாள்.

“எங்க போற?” என்றார் சர் லயனல். குரல் கீச்சிட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்து வெறுமையாக்கிக்கொண்டு, கதவைத் தட்டினாள்.